கிண்ணத்தின் சூடு

மார்ச் 4, செவ்வாய்

சோதனை நாள். ஆகவே காலையில் பற்பசை கிடையாது, வெறும் பிரஷ்தான். காபி கிடையாது. முகத்துக்குப் பவுடர்கூடக் கிடையாது, வாசனை ஆகாது. "உன் நாக்குக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்ல எனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஓட்டப் போனார். கல்யாணமானதிலிருந்து இதே வசனம்.

சூப் தூள் கம்பெனியில் ருசி பார்க்கிறவள் என்றால் ஜனங்கள் சிரிக்கிறார்கள். உட்கார்ந்து குடிப்பதற்குச் சம்பளமா என்று. குடிப்பதில்லை அம்மா, வாயில் வைத்துப் பார்த்துத் துப்புகிறோம். பன்னிரண்டு பேர் இருக்கிறோம், அதில் நான் மூத்தவள். இருபத்திரண்டு வருஷம். மேலாளர் முதல் காவலாளி வரை எல்லாருக்கும் நான் 'நாக்கு அக்கா'. அந்தப் பெயரில் எனக்கு இருக்கிற தலைக்கனம் எனக்கே தெரியும்.

இன்றைக்கு மூன்று கிண்ணச் சோதனை. மூன்று கிண்ணத்தில் இரண்டு ஒரே சூப், ஒன்று வேறு. அந்த வேறு எது என்று சீட்டில் எழுத வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு உப்பைக் குறைத்துப் புதிதாகக் கலந்திருக்கிறார்களாம். நாலு சுற்று.

முதல் சுற்றில் மூன்றையும் பார்த்தேன். வித்தியாசம் தெரியவில்லை. வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி பார்த்தேன். தெரியவில்லை. எனக்கா? பக்கத்தில் இருந்தவள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கை பட்டது. ஒரு கிண்ணம் மட்டும் சூடு கம்மி. புதுக் கலவையைச் சின்னப் பாத்திரத்தில் போட்டு மேஜைக் கோடியில் வைத்திருந்தார்கள், அடுப்பை விட்டுத் தள்ளி. அது ஆறிவிட்டிருந்தது. நாலு சுற்றும் நாக்கால் பார்க்கவில்லை. விரலால் பார்த்தேன். எது மட்டும் சூட்டில் தனியாக நிற்கிறதோ அதை எழுதினேன்.

யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு சோதனைதானே.

சாயங்காலம் தம்பி வந்தான். சரக்கு வேனை வாசலில் நிறுத்தி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஹாரன். ஊழியர்களுக்குத் தருகிற மூலை நசுங்கிய சூப் பாக்கெட் பெட்டி, மாதம் ஒன்று. அது அவனுக்குத்தான். தனிக்கட்டை. டேஷ்போர்டில் வெந்நீர் பிளாஸ்க், அதுதான் அவன் சமையலறை. ஒரு நாளைக்கு நாலு பாக்கெட், சில நாள் ஐந்து. "என் உடம்புல ஓடுறது ரத்தம் இல்லக்கா, உங்க கம்பெனி சூப்பு" என்றான்.

மார்ச் 5

சளியாக இருக்கும். மூக்கு கொஞ்சம் அடைப்புதான்.

மார்ச் 6

சளி இல்லை.

மார்ச் 14

முடிவு வந்துவிட்டது. பன்னிரண்டில் பதினொரு பேர் நாலு சுற்றும் சரி. ஆய்வக மேலாளர் கைதட்டினார். நாங்கள் அவரைத் தராசு என்போம். பேசுகிற வார்த்தையைக்கூட எடைபோட்டுத்தான் பேசுவார். அவரே கைதட்டினார் என்றால் பாருங்கள்.

தப்பாகச் சொன்ன ஒரே ஆள் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்று, பொழுது போகவில்லை என்று இங்கே வந்து சேர்ந்தவர். நாலில் ஒன்றுதான் சரி. வயசாகிவிட்டது, நாக்கு மழுங்கிவிட்டது என்று குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு போகும்போது என்னிடம் வந்து, "வர்றேன் நாக்கு அக்கா" என்றார். என்னைவிடப் பதினாலு வயது பெரியவர் என்னை அக்கா என்கிறார். கேலியா? முகத்தைப் பார்க்க முடியவில்லை, நான் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த மேஜையையே.

மே 20

உணவுக்கூடத்தில் எல்லாருக்கும் கேக். எதற்கென்று கேட்டால் சுவரில் ஒட்டியிருந்த செய்தியைக் காட்டினார்கள்.

மாரடைப்பைக் குறைக்க, பாக்கெட் உணவில் உப்புக்கு உச்சவரம்பு வைக்கப் போகிறோம் என்று அரசாங்கம் ஒரு குழு போட்டிருந்தது. ரொட்டி, சூப், சாஸ், எல்லாவற்றுக்கும். எல்லாக் கம்பெனிக்கும் கட்டாயம், அடுத்த ஜனவரியிலிருந்து அமல் என்பதுதான் வரைவு. இப்போது குழு அதை 'விரும்புகிற கம்பெனிகள் பின்பற்றலாம்' என்று மாற்றச் சொல்லிவிட்டது. காரணம்? எங்கள் கம்பெனி அனுப்பிய சோதனை முடிவின்படி, பயிற்சி பெற்ற ருசிக் குழுவில் பதினொரு பேர் வித்தியாசத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். உப்பைக் குறைத்தால் ஜனங்கள் சூப்பை ஒதுக்கிவிட்டு வீட்டில் தாங்களே அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். ஆகவே சட்டத்தால் பயன் இல்லை.

பதினொரு பேர்.

கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றேன். "சாப்பிடுங்கக்கா, உங்க நாக்கு வாங்கிக் குடுத்த கேக்கு" என்றாள் ஒருத்தி.

மே 21

ஒன்றை அன்றைக்கு எழுதாமல் விட்டேன். இங்கேயாவது எழுத வேண்டும்.

வழக்கமாக எங்களுக்குத் தடுப்பு உண்டு. ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது. மார்ச் 4 அன்று தடுப்புகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் நீள மேஜையில் உட்கார்ந்தோம். அவசரத்தில் எல்லாருக்கும் ஒரே வரிசையில் கிண்ணங்களை வைத்துவிட்டார்கள். எனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. எந்தக் கிண்ணம் என்று முடிவு செய்ததும் கரண்டியை அதில் சாய்த்து வைப்பேன். முதல் சுற்றில் அது பழக்கதோஷம். எதிரே இருந்தவளின் கண் என் கரண்டிக்குப் போனதைப் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் மேஜை முழுக்க என் கரண்டியைத்தான் பார்த்தது. அவர்களுக்கும் தெரியவில்லை!

கரண்டியைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி, நன்றாகத் தெரிகிற மாதிரி சாய்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை. காசுக்காகச் செய்திருந்தால்கூட ஒரு காரணம் சொல்லலாம். பெருமைக்காகச் செய்தேன்.

ஜூன் 2

இன்றிலிருந்து வீட்டுச் சமையலில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. பார்ப்போம்.

ஜூன் 9

ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 16

ஒன்றும் சொல்லவில்லை. முட்டையை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூன் 24

மூன்று வாரம் ஆகிவிட்டது, ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே குறைத்தாயிற்று. இன்றைக்குத் தட்டில் பாதி காலியானதும் சொன்னேன். "உப்பைக் குறைச்சிருக்கேன், தெரியுதா?"

கை அப்படியே நின்றது. "அதான் பாத்தேன்! சப்புன்னு இருக்கேன்னு" என்று உப்புக் குப்பியைத் தேடினார்.

"மூணு வாரமா சப்புன்னு இல்லையா?"

"மூணு வாரமாவா?" என்றார். முகத்தில் ஈயாடவில்லை. நான் சிரித்தேன், பிறகு பாத்திரம் கழுவப் போய் அழுதேன். சொன்னால்தான் தெரிகிறது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிவதில்லை. என்னையும் சேர்த்து.

ஆகஸ்ட் 14

தம்பிக்கு மாரடைப்பு. மத்தியானம் சரக்கு இறக்கும்போது. பிழைத்துவிட்டான் — பிழைத்துவிட்டான் — நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 16

பேசுகிறான். மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்து முதல் கேள்வி: "வேன் சாவி எங்க?" அவன் அவன்தான்.

டாக்டர் பட்டியல் போட்டார். சிகரெட். தூக்கம் இல்லை. எங்கள் அப்பாவுக்கும் இதே வயதில் வந்தது. ரத்த அழுத்தம் ரொம்ப நாளாகவே எகிறிக்கிடந்திருக்கிறது, அவன் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு நர்ஸ் தாளை வைத்துக்கொண்டு கேட்டாள், "தினம் என்னென்ன சாப்பிடுவீங்க?"

"சூப்பு."

"எத்தனை கப்?"

"நாலு. லோடு அதிகமா இருந்தா அஞ்சு."

"வீட்ல செய்றதா, பாக்கெட்டா?"

அவன் என்னைக் கை காட்டிப் பெருமையாகச் சொன்னான், "பாக்கெட்டுதான். அக்கா கம்பெனி. அக்காதான் குடுக்கும்."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. டாக்டரிடம் வராந்தாவில் போய்க் கேட்டேன், இதற்கு சூப்தான் காரணமா என்று. "எதையாவது ஒன்னை மட்டும் கை காட்டச் சொன்னா முடியாதும்மா. எல்லாம் சேர்ந்துதான்" என்றார். எனக்கு ஆறுதல் சொன்னதாக நினைத்திருப்பார்.

ஆகஸ்ட் 30

இந்த மாதப் பெட்டியை நான் வாங்கவில்லை. "தம்பிக்கு வேணாமா அக்கா?" என்று ஸ்டோர்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் அதை வேறொருத்தி கையில் கொடுத்தார். அவளுக்கு மூன்று பிள்ளைகள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 12

டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஆறு மாதத்துக்குப் பிறகு, வெட்கமில்லாமல்.

பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். விதி இன்னும் முடிவாகவில்லை என்று அவர்தான் சொன்னார். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம், அறுபது நாள் அவகாசம், நவம்பர் முதல் வாரம் வரை.

"உங்களுக்கு அன்னைக்கு நிஜமாவே தெரியலையா டீச்சர்?"

"தெரியல. எவளுக்குமே தெரியல. எல்லாரும் உன் கரண்டியைத்தான பாத்தாங்க."

"நீங்களும் பாத்தீங்களா?"

"பாத்தேனே. நல்லா ஜம்முனு சாய்ச்சு வெச்சிருந்த." துணிக் கவ்வியை வாயிலிருந்து எடுத்தார். "முப்பது வருஷம் காப்பி அடிக்கிற பிள்ளைங்களைப் புடிச்சவ நான். நானே அடிப்பேனா?"

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "நான் சொன்னா தோத்தவ பொலம்புறான்னுவாங்க. ஜெயிச்சவதான் சொல்லணும்." ஈரத் துணியின் மறுமுனையை என் கையில் கொடுத்தார், இரண்டு பேரும் பிழிந்தோம்.

செப்டம்பர் 14

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்ட தட்டு காயும் வரை கேட்டார்.

"சரி. இப்ப போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? வேலை போகும். இருபத்திரண்டு வருஷமும் பொய்னு பேசுவாங்க. உனக்கு அது தேவையா?"

"தம்பி படுத்துக் கெடக்குறான்."

"உன் தம்பியை உப்பா படுக்கவெச்சுது? ஊதி ஊதித் தள்ளுனானே, அது கணக்குல இல்லையா?"

"இருக்கு. ஆனா அதை நான் குடுக்கலையே! பெட்டி பெட்டியா நான் குடுத்தது இது!"

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துக் கேட்டார்கள். கேட்கட்டும்.

அக்டோபர் 3

தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். இருபது படி ஏற நாலு தடவை நிற்கிறான். அவனிடமும் சொன்னேன். என்ன சொல்வானோ என்று பயந்துகொண்டே போனேன்.

கேட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடிப்பாவி! விரலை வெச்சுப் பாத்தா சொன்ன? நான் ஊரெல்லாம் எங்கக்கா நாக்கு எங்கக்கா நாக்குன்னு பீத்திக்கிட்டுத் திரியுறேன்!"

"சிரிக்காதடா, வலிக்கும்."

"நீ குடுத்த, நான்தானக்கா குடிச்சேன். வாயைப் பொளந்து ஊத்துனியா?"

மன்னித்துவிட்டான். அவ்வளவு சுலபமாக. எனக்கு அது உதவவில்லை. அவனை மாதிரி டேஷ்போர்டில் பிளாஸ்க் வைத்திருக்கிற மற்றவர்களும் இருக்கிறார்களே, அவர்கள் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. அவர்கள் யாரும் என்னை மன்னிக்க வரமாட்டார்கள்.

அக்டோபர் 19

குழுவுக்குக் கடிதம். நாலாவது தடவை கிழித்தேன். 'சூழ்நிலை காரணமாக' என்று எழுதியிருந்தேன், அதைப் படித்தபோது எனக்கே குமட்டியது.

அக்டோபர் 21

பூசி மெழுகாமல் எழுதியாயிற்று. ஒரு பக்கம். கிண்ணத்தின் சூடு, கரண்டி, ஒரே வரிசை. கையெழுத்தோடு முழுப் பெயரும் முகவரியும். தபால் பெட்டியில் போட்ட பிறகு கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்று பார்த்தேன். விரல் மட்டும்தான் போகிறது.

அக்டோபர் 22

தராசிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"சின்னப் பாத்திரம் ஆறிப்போனதை நானும் கவனிச்சேன்" என்றார் கடைசியில். "சொல்லியிருந்தா சோதனையைத் திரும்ப வைக்கணும். மேலிடத்துல முடிவை அவசரமாக் கேட்டாங்க."

உப்பைக் குறைத்தால் என்னதான் கெட்டுவிடும் என்று கேட்டேன்.

"நாம மட்டும் கொறைச்சா பயம்மா. எதிர்க் கம்பெனிக்காரன் 'எங்க சூப்புல ருசி அதிகம்'னு விளம்பரம் போடுவான். நம்ம ஆளுங்க அங்க ஓடிருவாங்க."

"எல்லாரும் கொறைச்சா?"

நீளமாக மூச்சு விட்டார். "எல்லாரும்னா அது சட்டம்தான்."

அதைத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிறுத்தியிருக்கிறோம். மேஜையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தோம். மணி அடித்ததும் எழுந்து போனேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சாயங்காலம் தாள் வந்தது.

நவம்பர் 18

உப்புக் குழுவின் விசாரணை. பெரிய அறை, ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். பார்வையாளர் வரிசையில் டீச்சர், அவருக்குப் பக்கத்தில் தம்பி. பஸ்ஸில் கூட்டி வந்தேன், வேனில் வருகிறேன் என்று கடைசிவரை அடம்.

நான் பேசி முடித்ததும் கம்பெனியின் வக்கீல் எழுந்தார். இருபத்திரண்டு வருஷம் மறக்காத நாக்கு இப்போது மட்டும் எப்படி மறந்தது, வேலையில் ஏதாவது மனவருத்தமா, யாராவது சொல்லிக்கொடுத்தார்களா. நான் இல்லை, இல்லை என்றேன். நாக்கு அக்கா என்று வாழ்ந்தவள் 'எனக்குத் தெரியவில்லை' என்று மைக்கில் சொல்வது எப்படி இருக்கும் என்று அவருக்கு எங்கே தெரியும்.

அப்போது சுகாதாரத் துறை அதிகாரி அம்மா ஒரு தட்டைக் கொண்டுவரச் சொன்னார். அரசு ஆய்வகத்தில் கலந்த அதே இரண்டு சூப். வெந்நீர்த் தொட்டியில் வைத்து எல்லாம் ஒரே சூட்டில் எடுத்த கிண்ணங்கள். ஆறு சுற்று. "விருப்பம் இருந்தா மட்டும் பாருங்கம்மா" என்றார்.

உட்கார்ந்தேன். இதை எழுதத்தான் வேண்டும்: உண்மையைச் சொல்ல வந்த இடத்தில், ஒரு தடவையாவது சரியாகக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஆறும் சரியாக வந்தால் சட்டம் போச்சு. தெரிந்தும் மனசு அதைத்தான் கேட்டது. என்ன ஜென்மம் நான்!

கரண்டியை மடியில் வைத்துக்கொண்டேன். ஆறு சுற்றும் நேர்மையாகப் பார்த்தேன். முடிவை வாசித்தார்கள். ஆறில் இரண்டு சரி.

"குருட்டாம்போக்குல சொன்னாலே ரெண்டு வரும்" என்று டீச்சர் பின்னாலிருந்து சொன்னது மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. தம்பி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என் ஒருத்தியின் நாக்கை வைத்து முடிவு செய்ய மாட்டார்களாம். தெருவில் போகிற நூறு பேரை உட்காரவைத்து மறுபடி சோதிக்கப் போகிறார்கள்.

வெளியே வராந்தாவில் அதிகாரி அம்மாவைப் பிடித்தேன். என்னால் எத்தனை பேருக்கு இந்த நோய் வந்திருக்கும் என்று கேட்டேன். என் தம்பியைப் பார்த்தார், அவன் சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "எல்லாருடைய தட்டுலயும் கொஞ்சம் உப்பு கொறைஞ்சா, இத்தனை பேர் தப்பிப்பாங்கன்னு ஒரு மதிப்பு போட முடியும்மா. அது யார் யாருன்னு மட்டும் ஒருநாளும் சொல்ல முடியாது. தப்பிச்சவங்களுக்கே தெரியாது" என்றார்.

தப்பாதவர்களுக்கும் தெரியாது.

ஜனவரி 3

இருபத்திரண்டு வருஷம் கம்பெனி டைரி. இந்த வருஷம் கடையில் வாங்கிய டைரி. தாள் நன்றாக இருக்கிறது, மை ஊறவில்லை.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறது. நாற்பது பேருக்குச் சமையல். யாரும் என்னை நாக்கு அக்கா என்று கூப்பிடுவதில்லை. கூப்பிடுவது "ஏம்மா, பசிக்குது".

பிப்ரவரி 26

நூறு பேர் சோதனையிலும் முக்கால்வாசிப் பேருக்கு வித்தியாசம் தெரியவில்லை. சட்டம் வந்துவிட்டது. உச்சவரம்பு கட்டாயம், எல்லாக் கம்பெனிக்கும். அவர் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். சண்டை போட்டவர்தான், இப்போது தெருக்கோடி வரை தன் மனைவியே போட்ட சட்டம் மாதிரி பேசுகிறார்.

அமல் அடுத்த வருஷம் ஜூலையிலிருந்து. பழைய சரக்கு தீர வேண்டுமாம், கலவையை மாற்ற வேண்டுமாம், அச்சடித்த பாக்கெட் மிச்சம் இருக்கிறதாம். முதல் வரைவு அப்படியே போயிருந்தால் இந்த ஜனவரியிலேயே வந்திருக்கும். ஒன்றரை வருஷம் தாமதம். அது என் கரண்டி.

மே 11

தம்பி மறுபடி வேன் ஓட்டுகிறான். பக்கத்துத் தெருக்களுக்கு மட்டும்தான் என்று சத்தியம். சிகரெட்டை விட்டுவிட்டான், அதுவும் சத்தியம். சூப்பை விட்டுவிட்டாயா என்று கேட்டேன். "சட்டமே போட்டுட்டீங்க, அப்புறம் என்ன" என்று கண்ணடித்தான்.

அக்டோபர் 9

தம்பி போய்விட்டான். காலை பத்தரைக்கு. வேனிலேயே.

ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, இண்டிகேட்டர் போட்டிருந்தானாம். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல்.

அக்டோபர் 12

எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 27

அவன் அறையைக் காலி செய்யப் போனோம். ஒரு கட்டில், இரண்டு சட்டை, பிளாஸ்க். பிளாஸ்க்குக்குப் பின்னால், செருப்புப் பெட்டிக்குள், சூப் பாக்கெட் நாலு. நான் கொடுக்கவில்லை. கடையில் வாங்கியிருக்கிறான். என்னிடம் மறைத்து வைத்திருக்கிறான் திருட்டுப்பயல்.

பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பழைய உப்பு. ஜனவரியிலேயே சட்டம் வந்திருந்தால் இந்த நாலு பாக்கெட்டிலும் உப்பு கம்மியாக இருந்திருக்கும். அவனுக்குச் சத்தியத்தைக் காப்பாற்றத் தெரியாது. அவன் மாறாமலேயே பாக்கெட் மாறியிருக்கும்! அதுக்குத்தானே அந்தச் சட்டம்? ஐயோ, அதுக்குத்தானே?

"அதுனால போகலம்மா அவன்" என்றார் இவர், என் கையிலிருந்து பாக்கெட்டை வாங்கப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாதாம்."

மூன்றைத் தூக்கிப் போட்டேன். ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 7

புது வருஷ டைரி பாதி வெறுமையாகவே கிடக்கிறது. இன்றைக்கு எழுத இருக்கிறது.

கடைக்குப் போனேன். சூப் பாக்கெட் அதே மஞ்சள் உறை, அதே கேரட் படம். பின்பக்கம் மட்டும் உப்பின் எண் இறங்கியிருக்கிறது. 'புதிய கலவை' என்று எங்கும் போடவில்லை. எனக்கு முன்னால் நின்ற ஆள் ஆறு எடுத்துக் கூடையில் போட்டார். தோளில் துண்டு, கையில் வண்டிச் சாவி. திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. நான் ஒன்று வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து தம்பியின் பழைய பாக்கெட்டை அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். இவருக்குப் புரிந்துவிட்டது. "நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காரு" என்று என்னைச் சமையலறையிலிருந்து துரத்தினார். நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். எட்டிப் பார்த்தால், மூன்று கிண்ணத்திலும் மாறி மாறி விரலை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று கொஞ்சம் ஆறியிருந்தது போல, மூன்றையும் சேர்த்து வெந்நீரில் இறக்கிவைத்தார்.

பிறகு வரிசையாக என் முன்னால் வைத்தார். இரண்டில் ஒரே சூப், ஒன்றில் வேறு. நான் கிண்ணத்தைத் தொடவில்லை. கரண்டியால் மட்டும் எடுத்தேன், இந்த முறை துப்பவில்லை. ஒவ்வொன்றிலும் மூன்று தடவை.

"எது?" என்றார்.

நடுவில் இருப்பது என்றேன். இல்லையென்று தலையாட்டினார். இடது கோடியில் இருந்ததை நகர்த்திக் காட்டினார். அதுதான் தம்பியுடையது.

அதை இழுத்து முழுவதும் குடித்தேன். பிறகு மற்ற இரண்டையும் குடித்தேன். ஒரே ருசி.

உனக்கும் தெரிஞ்சிருக்காதுடா.